பார்வையாளர் வரிசையை எண்ணி நாட்டுப்பற்றை அளக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வதேச உதைபந்தாட்டப் போட்டிகளில் சொந்த நாட்டு ரசிகர்களை விட எதிரணியின் ரசிகர்களே மைதானத்தை நிறைத்துவிடும் நிலை பற்றித் தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு விடயத்தை எடுத்து எழுதிய கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. எனினும் அவர் முடிவில் வந்து சேர்ந்த இரண்டு கருத்துகளை என்னால் ஏற்க முடியவில்லை. வாழும் நாட்டின் அணியை விட்டுவிட்டுப் பூர்வீக நாட்டின் அணிக்குக் கை தட்டுகிறவர்கள் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவர்கள் என்பது ஒன்று. அப்படிப்பட்டவர்கள் வந்து குவிய முடியாத ஊர்களாகப் பார்த்துப் போட்டிகளை நடத்துவதும், ஆள் பார்த்து டிக்கெட் விற்பதுமே இதற்குப் பரிகாரம் என்பது மற்றொன்று. இலங்கையின் மலையகத்தில் பிறந்து, தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். எந்த அணிக்குக் கை தட்டுகிறாய் என்ற கேள்வியைப் பரம்பரையாகக் கேட்டுப் பழகிய சமூகத்தைச் சேர்ந்தவன் என்பதால் இதற்குப் பதில் எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

கட்டுரையாளர் அமெரிக்க - மெக்சிக்கோ போட்டிகளையே பிரதான உதாரணமாகக் காட்டியிருந்தார். நடந்தவற்றை அவர் மிகைப்படுத்தவில்லை. 1998 பெப்ரவரி 15ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம் மைதானத்தில் நடைபெற்ற, வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான கோல்ட் கப் இறுதியாட்டத்துக்கு 91,255 பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மெக்சிக்கோவின் ஆதரவாளர்கள். அமெரிக்கத் தேசிய கீதத்தின்போது கூச்சல் எழுந்தது, அமெரிக்க வீரர்கள் மீது குவளைகளும் போத்தல்களும் வந்து விழுந்தன, மெக்சிக்கோ 1-0 என வென்றது. 2011 ஜூன் 25ஆம் திகதி அதே நகரை அடுத்துள்ள பசடீனாவின் ரோஸ் போல் மைதானத்தில் 93,420 பேர் முன்னிலையில் இரு நாடுகளும் மீண்டும் இறுதியாட்டத்தில் சந்தித்தபோதும் நிலைமை மாறவில்லை. இரண்டு கோல்கள் முன்னிலை பெற்றிருந்த அமெரிக்கா 4-2 எனத் தோற்றது. பரிசளிப்பு நிகழ்வு ஸ்பானிய மொழியில் நடத்தப்பட்டதைக் கண்டு அமெரிக்கக் கோல் காப்பாளர் டிம் ஹவார்ட் பகிரங்கமாகவே கொதித்தார். சொந்த மண்ணில் அந்நியராக நிற்க நேர்ந்த அந்த வீரர்களின் வேதனை நியாயமானது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்தக் கூட்டம் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கட்டுரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் உட்படக் கலிபோர்னியா முழுவதும் 1848ஆம் ஆண்டு வரை மெக்சிக்கோவுக்குச் சொந்தமாக இருந்த நிலம். போரில் தோற்ற பிறகு உடன்படிக்கை எழுதிக் கைமாறிய நிலம். அதன் பின்னரும் பழத்தோட்டங்களிலும் பருத்தி வயல்களிலும் வேலை செய்ய ஆள் போதாதபோது, 1942 முதல் 1964 வரை இரு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு மெக்சிக்கோவிலிருந்து இலட்சக்கணக்கான கூலியாட்களை வரவழைத்தன. வரவழைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குள் வரும்போது மட்டும் அவர்களை வெளியூரார் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? அந்த வரிசைகளில் இருந்தோரில் பலர் அமெரிக்கப் பிரசைகள். அமெரிக்காவுக்கு வரி கட்டுகிறவர்கள், அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றுகிறவர்கள் அந்தச் சமூகத்தில் ஏராளம். எல் பாசோவில் பிறந்த ரிக்கார்டோ பெப்பி என்ற மெக்சிக்க வம்சாவளி இளைஞர் 2021இல் இரண்டு அணிகளில் அமெரிக்காவையே தேர்ந்தெடுத்தார். அவருடைய உறவினர் ஒருவர் மெக்சிக்கோவின் பச்சைச் சட்டை அணிந்து எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவரைத் துரோகி என்று சொல்லிவிடுவோமா?

பணத்தைப் பற்றியும் கட்டுரை மௌனமாக இருந்துவிட்டது. மெக்சிக்கோ அணி வந்தால் எழுபதாயிரம், எண்பதாயிரம் ஆசனங்களைக் கொண்ட மைதானமும் நிறையும் என்பது ஏற்பாட்டாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கோல்ட் கப் இறுதியாட்டங்கள் மீண்டும் மீண்டும் தென் கலிபோர்னியாவுக்குப் போயின. அதனால்தான் மெக்சிக்கோவின் தேசிய அணி ஆண்டுதோறும் தன் நட்புறவுப் போட்டிகளில் பலவற்றைச் சொந்த நாட்டில் ஆடாமல் அமெரிக்க நகரங்களுக்கு வந்து ஆடுகிறது. டிக்கெட் விற்கும்போது வருக வருக என்று அழைத்துவிட்டு, விசில் சத்தம் கேட்டதும் இவர்கள் ஏன் இத்தனை பேர் என்று முகம் சுளிப்பதில் நேர்மை இல்லை.

1998 இறுதியாட்டத்துக்குப் பின்னர் அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் எடுத்த வழியைத்தான் கட்டுரையாளர் பரிகாரமாகப் புகழ்ந்திருந்தார். மெக்சிக்கோவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியை 2001 பெப்ரவரியில், கடுங்குளிரில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலுள்ள சிறிய மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 24,000 பேர் மாத்திரமே கொள்ளும் அந்த இடத்தில் அமெரிக்க ஆதரவாளர்களே பெரும்பான்மையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். குளிருக்கு அஞ்சி மெக்சிக்கோ வீரர்கள் ஆட்டத்துக்கு முந்திய உடற்பயிற்சிக்கே வெளியில் வரவில்லை. 2-0 என்று அமெரிக்கா வென்றது. 2005, 2009, 2013 ஆகிய ஆண்டுகளிலும் அதே மைதானத்தில் அதே 2-0. தன் அணிக்கு வசதியான மைதானத்தைத் தெரிவு செய்வது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. குளிரையோ புல்தரையையோ பயன்படுத்திக்கொள்வதை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்து மக்களுக்குத் தங்கள் நாட்டின் மிக முக்கியமான போட்டியைக் காட்டாமல் வைத்துக்கொள்வது, அந்த மக்களை அணியின் பக்கம் வென்றெடுக்கும் முயற்சியைக் கைவிட்டதற்கே ஒப்பாகும். 2016 நவம்பரில் அதே கொலம்பஸில், கடைசி நிமிடங்களில் கிடைத்த கோலினால், மெக்சிக்கோ 2-1 என வென்றபோது அந்த மைதானத்தின் அரணும் உடைந்துபோயிற்று.

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன ஜேர்மனியைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத வேண்டும். எங்கள் கதைக்கு மிக நெருக்கமான கதை அதுதான். போருக்குப் பின் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆள் தேவைப்பட்ட மேற்கு ஜேர்மனி, 1961 ஒக்டோபர் 30ஆம் திகதி துருக்கியுடன் ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் செய்தது. இரண்டு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே ஆரம்ப ஏற்பாடு. அவர்கள் போகவில்லை, வேலை வாங்கியவர்களும் பழகிய ஆட்களை அனுப்பிவிட விரும்பவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், பாடசாலைக்குப் போனார்கள், ஜேர்மன் மொழியில் கனவு கண்டார்கள். ஆனால் அந்நிய பெற்றோருக்கு ஜேர்மன் மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பினாலேயே பிரசையாகலாம் என்ற சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வருடங்கள் ஒரு சமூகத்தை விருந்தாளித் தொழிலாளர் என்று வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு, அவர்களின் பிள்ளைகள் ஏன் வீட்டுக்காரரின் அணிக்குக் கை தட்டவில்லை என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

2010 ஒக்டோபர் 8ஆம் திகதி பேர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஜேர்மனி துருக்கியை 3-0 என வென்றது. அன்று ஜேர்மனிக்காக ஒரு கோல் போட்ட மெசூட் ஓசில், கெல்சன்கேர்ஷன் என்ற நிலக்கரிச் சுரங்க நகரில் பிறந்த துருக்கி வம்சாவளி இளைஞர். ஆட்டம் முழுவதும் அவருடைய காலில் பந்து பட்டபோதெல்லாம் துருக்கி ரசிகர்கள் விசிலடித்துத் தூற்றினார்கள். கோல் போட்ட பின்னரும் அவர் கையை உயர்த்தவில்லை, ஓடித் துள்ளவில்லை. பெற்றோரின் நாட்டு மக்களுக்கு அவர் காட்டிய மரியாதை அது. அதே ஓசில் 2018 ஜூலையில் தேசிய அணியிலிருந்து விலகியபோது, வென்றால் நான் ஜேர்மனியன், தோற்றால் குடியேறி என்று எழுதினார். இரண்டு பக்கமும் அடி வாங்கிய ஒருவரின் வாக்குமூலமாகவே அதை நான் படித்தேன்.

2023 நவம்பர் 18ஆம் திகதி அதே மைதானத்தில் நடந்த நட்புறவுப் போட்டியை விளையாட்டில் ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டும். 72,000க்கும் அதிகமானோர் கூடியிருந்த அரங்கில் பெரும்பான்மை துருக்கி ரசிகர்கள். ஜேர்மன் அணித் தலைவர் இல்காய் குண்டோகன், அவரும் கெல்சன்கேர்ஷனில் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியாக வந்தவரின் பேரன், அவரையும் தூற்றினார்கள். துருக்கி 3-2 என்று வென்றது. துருக்கிக்காகக் கோல் போட்ட மூவரையும் பாருங்கள். பெர்டி கடியோலு நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் பிறந்தவர். கெனான் இல்டிஸ் ஜேர்மனியின் ரெகன்ஸ்பேர்க்கில் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 18. யூசுப் சாரி பிரான்சில் பிறந்தவர். ஜேர்மன் அணித் தலைவரும் ஜேர்மனியில் பிறந்தவர், ஜேர்மனிக்கு எதிராகக் கோல் போட்ட இளைஞரும் ஜேர்மனியில் பிறந்தவர். இந்தப் போட்டியில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று வரிசைகளை எண்ணிச் சொல்லிவிட முடியுமா?

துருக்கி ஒப்பந்தத்தின் திகதியை வாசித்தபோது எனக்கு இன்னொரு ஒக்டோபர் 30 நினைவுக்கு வந்தது. 1964ஆம் ஆண்டு அதே நாளில்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத்தில் வாழ்ந்த, இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்கள் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்றும் இரண்டு அரசாங்கங்கள் எங்களைக் கேட்காமலேயே பங்கு பிரித்துக்கொண்டன. அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் பெற்றோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினையை முழுமையாகத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இப்படி ஐம்பத்தைந்து வருடங்கள் காத்திருக்க வைக்கப்பட்ட சமூகத்திடம்தான், இந்தியா விளையாடும் ஒவ்வொரு போட்டியின்போதும், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்கப்பட்டு வந்தது.

2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் நடந்த கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தை எங்கள் பகுதியில் ஒரு லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், இஸ்தோப்புத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பார்த்தோம். இருந்தவர்களில் மூத்தவர், அந்தக் காலத்தில் பிரசாவுரிமை விண்ணப்பத்தோடு அரச அலுவலகமான கச்சேரிக்கு நடையாய் நடந்தவர். அவர் டெண்டுல்கருக்காகவே உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் இலங்கை அணியின் நீலச் சட்டையோடு, முரளிதரனின் கடைசிச் சர்வதேசப் போட்டி என்பதால் ஒரு பந்தையும் தவற விடாமல் தரையில் குந்தியிருந்தான். மலிங்கவின் பந்தில் டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது பையன் எழும்பிக் குதித்தான், தாத்தா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். டோனி சிக்சர் அடித்து முடித்தபோது தாத்தா சிரித்தார், பையன் அழுதான். பிறகு இருவரும் ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். மறுநாள் டவுனில் கடைக்குப் போன அந்தப் பையனைப் பார்த்துத்தான் ஒருவர், "உங்க ஆக்கள் வென்றுட்டாங்க, இனி உங்களுக்குச் சந்தோசம்தானே" என்றார். அழுது வீங்கிய முகத்தோடு நின்றவனிடம் சொல்லப்பட்ட வார்த்தை அது. அவன் யாருக்குக் கை தட்டினான் என்பதை அவர் கேட்கவே இல்லை. பதிலை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுகிறது என்பதை நான் அறிந்துகொண்டது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை, 2010 ஜூலையில் காலியில், இந்தியாவுக்கு எதிராகவே வீழ்த்தினார். அவருடைய முன்னோரும் தேயிலைக்காக இங்கே வந்தவர்கள். அதற்குப் பிறகும் மலையகத்துப் பிள்ளைகளிடம் அத்தாட்சி கேட்கப்பட்டது என்றால், அந்தக் கேள்விக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றே கொள்ள வேண்டும். பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டு நோர்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, ஆசிய மற்றும் கரீபியக் குடியேறிகள் எந்தக் கிரிக்கெட் அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்பதை ஒரு சோதனையாகவே முன்வைத்தார். உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வந்தால் கொழும்பிலும் கண்டியிலும் ஹட்டனிலும் முச்சக்கர வண்டிகளில் பிரேசில், ஆர்ஜென்டினா கொடிகள் பறக்கின்றன. அந்தக் கொடியைக் கட்டியவரிடம் யாரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. அது சரியும்கூட. ஆனால் அந்தச் சுதந்திரம் ஏன் சிலருக்கு மட்டும் இல்லை?

இந்தச் சோதனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2019 ஜனவரி 10ஆம் திகதி ஆசியக் கிண்ண உதைபந்தாட்டத் தொடரில் ஐக்கிய அரபு இராச்சியமும் இந்தியாவும் அபுதாபியில் மோதின. 43,000க்கும் அதிகமானோர் பார்த்த அந்தப் போட்டியில் போட்டியை நடத்திய நாட்டின் அணிக்கு எதிராக இந்தியத் தொழிலாளர்கள் பெருந்தொகையாகக் குரல் கொடுத்தார்கள். போட்டியை ஒட்டி ஒரு காணொளி பரவியது. தொழிலாளர் சிலரைக் கூண்டுக்குள் அடைத்து வைத்து, யாருக்கு ஆதரவு என்று ஒருவர் கேட்கிறார். இந்தியா என்கிறார்கள். இந்த நாட்டில் வாழ்ந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா என்று அவர் கேட்க, அவர்கள் பதிலை மாற்றிச் சொன்ன பிறகே கதவு திறக்கப்படுகிறது. வேடிக்கைக்காகச் செய்ததாகச் சொல்லப்பட்டபோதிலும், அந்நாட்டின் சட்டமா அதிபர் உடனடியாக அவரைக் கைது செய்ய உத்தரவிட்டார். அந்த வருடத்தைச் சகிப்புத்தன்மையின் ஆண்டாக அந்நாடு பிரகடனப்படுத்தியிருந்தது. எங்கள் தோட்டங்களிலிருந்தும் வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் ஏராளம். அந்தக் காணொளியை இங்கே கைத்தொலைபேசியில் பார்த்த தாய்மார் கூண்டுக்குள் தங்கள் பிள்ளைகளின் முகத்தைத் தேடினார்கள்.

நாமும் வெளியூர் ரசிகர்கள்தான் என்பதையும் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம். மெல்பேர்னில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை ஆடும்போது, அவுஸ்திரேலியப் பிரசாவுரிமை பெற்ற இலங்கையர் பப்பரே வாத்தியத்தோடு போய்ச் சிங்கக்கொடி பிடிக்கிறார்கள். நம்முடைய பத்திரிகைகள் அந்தப் படங்களைப் பெருமையோடு வெளியிடுகின்றன. 2022இல் பொருளாதார நெருக்கடியால் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட்டை இங்கே நடத்த முடியாமல் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் கொண்டுபோனபோது, பெயரளவில் விருந்தளித்த நாடு இலங்கைதான். ஆனால் செப்டெம்பர் 11ஆம் திகதி இறுதியாட்டத்தில் துபாய் அரங்கு பாகிஸ்தான் ஆதரவாளர்களால் நிறைந்திருந்தது. ஐந்து விக்கெட்டுகளுக்கு 58 ஓட்டங்கள் என்று தடுமாறிய இலங்கை, பானுக ராஜபக்ஷவின் 71 ஓட்டங்களால் மீண்டு, 23 ஓட்டங்களால் வென்றது. அந்தப் பெருங்கூட்டத்துக்கு நடுவே நின்று குரல் கொடுத்த சிறுதொகை இலங்கைத் தொழிலாளர்களை அன்று நாடே வாழ்த்தியது. வாழும் நாட்டைத்தான் ஆதரிக்க வேண்டும் என்ற விதியை அவர்கள் மீது யாரும் சுமத்தவில்லை.

எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். இன்னொரு நாட்டின் தேசிய கீதத்தின்போது கூச்சலிடுவது அநாகரிகம். குண்டோகனைத் தூற்றியவர்கள், தங்கள் சொந்தப் பிள்ளை முன்னுக்கு வந்ததையே தூற்றினார்கள். 2001 ஒக்டோபர் 6ஆம் திகதி பாரிசில், அல்ஜீரியா சுதந்திரமடைந்த பின் முதன்முறையாகப் பிரான்சும் அல்ஜீரியாவும் ஆடிய போட்டியில், 4-1 என்ற நிலையில் இளைஞர்கள் மைதானத்துக்குள் பாய்ந்ததால் ஆட்டம் கைவிடப்பட்டது. அல்ஜீரியப் பெற்றோரின் மகனான சிடான் பிரான்சுக்காக விளையாடிய, ஒற்றுமையின் அடையாளமாக அமைந்திருக்க வேண்டிய ஒரு மாலை பாழானது. அந்தச் செயலைக் கண்டிக்க வேண்டும். ஆனால் ஒழுங்கீனம் வெளியூர் ஆதரவாளர்களின் தனிச் சொத்தாகாது. 2017 ஓகஸ்ட் 27ஆம் திகதி பல்லேகலையில் இந்தியாவிடம் இலங்கை தோற்கும் தறுவாயில் போத்தல்களை வீசி ஆட்டத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தியது நம்முடைய சொந்தக் கூட்டம்தான்.

வீட்டுக்காரர் தம் ஆசனத்தைத் தாமே காலி செய்துகொடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. கழகப் போட்டியானாலும் பார்சிலோனாவில் 2022 ஏப்ரல் 14ஆம் திகதி நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எதிரணியான ஜேர்மனியின் பிராங்பேர்ட் கழகத்தின் ஆதரவாளர்களுக்கு ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 டிக்கெட்டுகள். உள்ளே வந்தவர்கள் சுமார் 30,000 பேர். பருவகால டிக்கெட் வைத்திருந்த உள்ளூரார் பலர் அவற்றை விற்றுவிட்டிருந்தார்கள். வெட்கப்படுகிறேன் என்று கழகத் தலைவர் லபோர்ட்டாவே சொன்னார். பார்சிலோனா 3-2 எனத் தோற்றது. அங்கே குடியேறிகளும் இல்லை, பூர்வீகமும் இல்லை.

இனி நம் நாட்டு உதைபந்தாட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய கவலை அதுதான். 1995இல் தெற்காசியக் கிண்ணத்தைக் கொழும்பில் இந்தியாவை வீழ்த்தி வென்ற நாடு இன்று உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தை ஒட்டி நிற்கிறது. 2023இல் நிர்வாகத்தில் வெளியார் தலையிட்டதால் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தடைக்கும் உள்ளானது. அணியைப் பலப்படுத்த வெளிநாடுகளில் பிறந்த இலங்கை வம்சாவளி வீரர்களைத் தேடி அழைத்து வருகிறார்கள். பேர்லினில் பிறந்த வசீம் ராசீக் இலங்கைச் சீருடையில் கோல்கள் போட்டபோது நாம் மகிழ்ந்தோம். அவர்கள் வரட்டும், வரவேற்போம். ஆனால் பேர்லினுக்குப் போய்ச் சேர்ந்த தேடல் ஏன் மலையகத்தின் பொகவந்தலாவைக்கும் லிந்துலைக்கும் வந்து சேரவில்லை?

மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு எங்கள் மைதானங்கள் தெரியாது என்பதால் சொல்கிறேன். பெரும்பாலான தோட்டங்களில் மைதானம் என்பது மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஓங்கி உதைத்த பந்து தேயிலை மலைக்குள் போய் விழுந்தால், செடிகளுக்கிடையில் இறங்கித் தேடி எடுத்து வரும்வரை இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். மழைக்காலத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. அந்தச் சேற்றில் வெறுங்காலோடு பந்தை நிறுத்தித் திருப்பும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். சப்பாத்தும் பயிற்சியாளரும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்திருந்தால் அவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள்; பந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

தேசிய அணியின் போட்டிகள் பெரும்பாலும் கொழும்பில்தான் நடக்கின்றன. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம். ஒரு தொழிலாளி தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு போட்டி பார்க்கப் போவதென்றால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும், மறுநாள் அரைப் பேராவது போய்விடும், பஸ் செலவு வேறு. வராதவர்களைப் பார்த்து அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்வது சுலபம். வரக்கூடிய தூரத்தில் ஒரு போட்டியையாவது வைத்துப் பார்த்தோமா? கண்டியில் போகம்பரை மைதானம் இருக்கிறது. நாவலப்பிட்டியில் ஜயதிலக்க மைதானம் இருக்கிறது. ஹட்டனில் டன்பார் மைதானம் இருக்கிறது. சர்வதேசத் தரம் இல்லை என்பார்கள். தகுதிகாண் போட்டியைக் கேட்கவில்லை. தேசிய அணியின் பயிற்சி ஆட்டம் ஒன்றை, மாவட்டத் தெரிவு அணி ஒன்றோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் டன்பாரில் நடத்தினால் போதும். தேசிய அணிச் சட்டையை முதன்முறையாக அருகில் பார்க்கும் பிள்ளைகளால் அந்த மைதானத்தின் மேட்டுப் பக்கம் எப்படி நிறையும் என்பதை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அதிகாரிகள் நேரில் வந்து காணட்டும்.

தங்கள் பத்திரிகையிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தோட்டங்களுக்கிடையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் வருடம் முழுவதும் நடக்கின்றன. வென்ற அணி கிண்ணத்தோடு நிற்கும் ஒரு படம், அதற்குக் கீழே பிரதம விருந்தினராக வந்த அரசியல்வாதியின் பெயர், அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. கோல் போட்டவர் யார், எந்தத் தோட்டம், என்ன வயது என்பதை ஒரு வரியிலாவது தயவு செய்து வெளியிடுங்கள். போட்டி அட்டவணையை முன்கூட்டியே அனுப்பி வைக்கும் பொறுப்பை எங்கள் பகுதிக் கழகங்களின் சார்பில் நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த இறுதியாட்டத்துக்குத் தங்கள் விளையாட்டுச் செய்தியாளரையும், முடிந்தால் அக்கட்டுரையை எழுதிய அன்பரையும், இக்கடிதத்தின் மூலம் அழைக்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
டிக்கோயா.